0.3 மில்லிமீட்டர்தானே என்று விடலாமா?



எங்கள் வீட்டில் ‘போர்’ என்றால் ஆறரை இஞ்ச் போர்தான். அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலைக்குப் போகிறவர். துப்பாக்கிக் குழாயின் துளைக்கும் ‘போர்’ என்றுதான் பெயர் என்பது டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நம் நாட்டில் லைசென்ஸ் ரைபிள் என்றால் பெரும்பாலும் .315 போர். வெளிநாட்டில் இந்த அளவு அபூர்வம். இங்கே மட்டும் ஏன்? பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா .303. அது ஜனங்கள் கைக்குப் போனால் ஆபத்து என்று வெள்ளைக்காரன் தடை போட்டான். அந்த இடத்தில் ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டா .315 என்ற பெயரில் நுழைந்தது. சுதந்திரம் வந்தும் .303 தடைசெய்யப்பட்ட போராகவே இருக்கிறது; .315-ஐ லைசென்ஸ் உள்ளவர் வாங்கலாம். பெயரளவில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.012 இஞ்ச். அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர். நம்ம லேத்தில் ஒரே ஒரு கட்! சட்டத்தில் அது ஜெயிலுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம்.

அளவு மட்டுமல்ல, முனையும் அப்படித்தான். 1890-களில் கல்கத்தா பக்கம் டம்டம் தொழிற்சாலையில், தோட்டா முனையில் மேலுறையை நீக்கி ஈயம் வெளியே தெரியும்படி செய்து பார்த்தார்கள். உடம்புக்குள் போனதும் அது விரிந்து காயத்தைப் பெரிதாக்கியது. 1899-ல் ஹேக் மாநாடு அப்படிப்பட்ட தோட்டாக்களைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது. முனையில் செய்த சின்ன மாற்றம்தான், உலக நாடுகளே கூடிப் பேச வேண்டியதாயிற்று.

இனி எங்கள் பக்கத்துக் கதை. கொல்லிமலை அடிவாரத்தில் என் மாமா காட்டுப்பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி எடுத்தார். குழாய் வெடித்து இரண்டு விரல் போச்சு. “மருந்து எவ்வளவு மாமா போட்டீங்க?” என்று கேட்டேன். “ஒரு கை அளவு மாப்ளே” என்றார். நாட்டுத் துப்பாக்கியில் ஒவ்வொன்றும் ஒரு போர். கேஜ் கிடையாது, டாலரன்ஸ் கிடையாது, சோதனை கிடையாது. லைசென்ஸ் இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்தார்.

நண்பர்களே, “லேத் இருந்தா நாமளே ஒண்ணு செஞ்சு பாக்கலாம்டா” என்று ஹாஸ்டலில் வீரம் பேசுகிறவர்களுக்கு அந்தக் கையைக் காட்ட ஆசை. செய்து பார்க்க இடம் இருக்கிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966 முதல் இயங்குகிறது. 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நம்ம சேலமும் ஒன்று. அங்கே நுழைய வீரம் வேண்டாம், மைக்ரோமீட்டர் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மெட்ராலஜி லேபில் ஒருத்தன் எடுத்த ரீடிங்கைப் பத்துப் பேர் ரெக்கார்டில் காப்பியடிக்கிறோம். நானும் அடித்தவன்தான். மாமாவின் கையைப் பார்த்த பிறகு அடிப்பதில்லை. பார்க்காத அளவை எழுதுவதும் ‘ஒரு கை அளவு’ மருந்து போடுவதும் ஒன்றுதானே?

அளந்து பார்ப்போம்! அளந்ததையே எழுதுவோம்!