ரயில் போகிறது, நிற்கவில்லை

ஒரு கட்டடத்தைப் புகழ்ந்துகொண்டே அதைத் திட்டவும் முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைப் பற்றிச் சென்னைவாசிகள் பேசியதைப் பத்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். "அடேயப்பா! விமான நிலையம் மாதிரியல்லவா கட்டியிருக்கிறார்கள்!" என்பது முதல் வாக்கியம். "விமான நிலையத்தையும் தாண்டியல்லவா கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்!" என்பது இரண்டாவது வாக்கியம். இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தவை. இரண்டும் வாஸ்தவமே.

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி அந்த நிலையம் திறக்கப்பட்டது. பரப்பு 88 ஏக்கருக்குமேல். செலவு ஏறக்குறைய 394 கோடி ரூபாய். கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் என்பது அதற்கு இட்ட பெயர். ஆனால் நம் ஜனங்கள் நீண்ட பெயர்களை விழா மேடையோடு விட்டுவிட்டு, ஊர்ப் பெயரைச் சொல்லியே டிக்கெட் கேட்கிறவர்கள். கோயம்பேட்டு நிலையத்துக்கும் ஒரு தலைவரின் பெயரைச் சூட்டித்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அது கோயம்பேடுதான், இது கிளாம்பாக்கந்தான்.

திறந்த உடனே அரசு விரைவு பஸ்கள் அங்கே போயின. 2024 ஜனவரி முடிவதற்குள் தெற்கே போகும் மற்றச் சர்க்கார் பஸ்களில் பெரும்பாலானவையும் போயின. கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர். இந்த முப்பதில்தான் வந்தது வினை.

திருச்சிக்குப் போக வேண்டிய பெரம்பூர்க் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியுள்ள பாட்டி; பெட்டிகள் மூன்று; போதாக்குறைக்குச் சம்பந்தி வீட்டுக்கு ஒரு ஊறுகாய் ஜாடி. முன்பானால் ஒரு மாநகர பஸ் ஏறிக் கோயம்பேட்டில் இறங்கினால் தீர்ந்தது. இப்போதோ அவர்கள் ஒரு சிறு பிரயாணத்தை முடித்த பிறகுதான் பெரும் பிரயாணத்தைத் தொடங்க வேண்டும். வாடகைக் கார் பிடித்தால், வீட்டிலிருந்து கிளாம்பாக்கம் போகும் செலவு கிளாம்பாக்கத்திலிருந்து திருச்சி போகும் ஒருவருடைய டிக்கெட்டை எளிதில் விழுங்கிவிடும். மாநகர பஸ்ஸில் போகலாமென்றால் பாட்டியையும் ஜாடியையும் எந்தக் கையில் பிடிப்பது? இந்தக் கணக்கைப் போடுவதற்குப் பல்கலைக் கழகப் பட்டம் வேண்டியதில்லை. நம் வகுப்பில் "புதிய பஸ் நிலையம்" என்ற தலைப்பில் வியாசம் எழுதச் சொன்னபோது, பிள்ளைகளில் பாதிப்பேர் நிலையத்தை வருணிப்பதற்குப் பதிலாக அங்கே போய்ச் சேர்ந்த விதத்தையே வருணித்திருந்தார்கள். தலைப்பிலிருந்து விலகியதற்காக மார்க்கு குறைக்க நமக்கு மனம் வரவில்லை.

இதற்கு மாறான கட்சியும் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் எத்தனையோ வருஷங்களாகப் பெருங்களத்தூர்ச் சாலையோரத்தில், மழையிலும் புழுதியிலும், எந்த பஸ் நிற்கும் எந்த பஸ் நிற்காது என்று தெரியாமல் கை காட்டிக்கொண்டு நின்றவர்கள். அவர்களுக்குத் தலைக்குமேல் ஒரு கூரையும், உட்கார நாற்காலியும், சுத்தமான கழிப்பிடமும் கிடைத்தன. பொங்கல், தீபாவளி நாட்களில் கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட பஸ் பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் பிரயாணிகள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடுவார்கள். அந்த நெரிசலை நகரத்துக்குள்ளிருந்து அகற்றவேண்டும் என்ற யோசனையில் தவறு எதுவும் இல்லை. வெளியூர் பஸ் வெளியூர்ப் பாதையில்தான் ஓடவேண்டும். வடபழனி முனையில் நின்று பெருமூச்சு விட அல்ல.

"ஜனங்கள் எதையும் முதலில் எதிர்ப்பார்கள், பிறகு பழகிவிடும்" என்று உத்தியோகஸ்தர்கள் சமாதானம் சொல்வதுண்டு. அதற்கு அவர்கள் கோயம்பேட்டையே உதாரணம் காட்டுவார்கள். 2002-ஆம் வருஷம் நவம்பரில் கோயம்பேடு நிலையம் திறக்கப்பட்டபோதும் இதே முணுமுணுப்பு எழுந்தது. பாரி முனையில் ஏறி இறங்கிப் பழகிய ஜனங்களுக்குக் கோயம்பேடு அன்று காடாகத்தான் தோன்றிற்று. இருபது வருஷங்களில் அந்தக் காடு ஊரின் நடுவாகிவிட்டது. ஆகையால் கிளாம்பாக்கமும் ஒரு நாள் ஊரின் நடுவாகிவிடும் என்கிறார்கள்.

இந்த வாதம் கேட்பதற்கு இனிமையாயிருக்கிறது. ஆனால் அதில் ஒரு சிறு ஓட்டை உண்டு. பாரி முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கினவன் கடற்கரை ரயில் ஸ்டேஷனுக்கோ கோட்டை ஸ்டேஷனுக்கோ நடந்தே போகலாம். கோயம்பேட்டில் இறங்கினவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2015 ஜூன் 29-ந் தேதி. அதாவது பஸ் நிலையம் திறந்து பன்னிரண்டரை வருஷங்களுக்குப் பிறகு! அந்தப் பன்னிரண்டரை வருஷமும் விடியற்காலை மூன்று மணிக்கு மூட்டையுடன் வந்து இறங்கியவர்களை ஆட்டோக்காரர்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதை நேயர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை. ஜனங்களுக்குப் "பழகிவிட்டது" என்று சொல்கிறார்களே, அது இப்படிப் பழகியதுதான். பல் வலியும் சில நாளில் பழகிவிடும்.

கிளாம்பாக்கத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. கோயம்பேட்டில் ரயில் பாதை இல்லை. ஆகவே ரயில் நிற்கவில்லை. கிளாம்பாக்கத்திலோ ரயில் பாதை இருக்கிறது! எழும்பூரிலிருந்து செங்கற்பட்டுக்குப் போகும் தண்டவாளம், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டினாற்போல, பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே ஓடுகிறது. பஸ் நிலையம் திறந்த அன்றைக்கும் மின்சார ரயில்கள் அந்த வழியாகப் போயின, வந்தன. வண்டலூரில் நின்றன, ஊரப்பாக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் நடுவிலிருந்த புது நிலையத்தின் அருகே நிற்கவில்லை. காரணம், அங்கே ஸ்டேஷன் இல்லை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஜன்னல் வழியாகத் தாங்கள் போகவேண்டிய இடத்தைக் கண்ணாரக் கண்டுகொண்டே தாண்டிப் போய் இறங்கினார்கள். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள்.

மின்சார ரயிலில் ஒரு மூதாட்டி எதிரே உட்கார்ந்திருந்த வாலிபரிடம், "ஏன் தம்பி, அதோ தெரியுதே, அங்கே நிக்காதா?" என்று கேட்டாள். "அங்கே ஸ்டேஷன் கட்டப்போறாங்க, பாட்டி" என்றார் அந்த வாலிபர். "அப்போ பஸ் ஸ்டாண்டை மட்டும் எதுக்கு முதல்லே கட்டினாங்க?" என்றாள் கிழவி. வாலிபர் செல்போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நகர நிர்மாண சாஸ்திரத்தில் தேர்ந்தவர்கள் கூடிய மகாநாடுகளில்கூட இதைவிடக் கூர்மையான கேள்வி பிறந்திருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

அந்தக் கேள்விக்கு உள்ள ஜவாப் இது: பஸ் நிலையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ரயில் ஸ்டேஷன் கட்டவேண்டியது தெற்கு ரயில்வே. பஸ் மாகாண சர்க்காருடையது. ரயில் மத்திய சர்க்காருடையது. நடுவில் ஓடும் நெடுஞ்சாலை வேறு இலாகாவைச் சேர்ந்தது. சாலையைத் தாண்ட ஆகாயப் பாலம் ஒன்று வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொரு இலாகாவும் தன் வேலையைத் தன் கோட்டுக்குள் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்த சில நூறு கஜ தூரத்துக்குத்தான் எஜமானர் யாரும் இல்லை.

பணம் இல்லையா என்றால், அதுவும் இல்லை. ஸ்டேஷன் கட்டுவதற்காக மாகாண சர்க்கார் ரயில்வேக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை சுமார் 20 கோடி ரூபாய். 394 கோடி எங்கே, 20 கோடி எங்கே? இருபது பங்கில் ஒரு பங்கு! பந்தலுக்கும் மேளத்துக்கும் ஆயிரம் செலவழித்துவிட்டு, திருமாங்கல்யத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற கல்யாணத்தை நாம் இதுவரை கண்டதில்லை. 2024-ல்தான் ஸ்டேஷன் வேலை ஆரம்பமாயிற்று. பஸ் நிலையம் திறந்து ஒரு வருஷம் முழுதும் கழிந்த பின்னும் அங்கே ரயில் நிற்கவில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை பதினைந்தரைக் கிலோமீட்டருக்கு மெட்ரோவை நீட்டும் திட்டமோ காகிதத்தில் வெகு தூரம் ஓடியிருந்தது.

இந்த விஷயத்தில் எந்தக் கட்சியைக் குறை சொல்வது என்று சண்டை போட விரும்பும் நேயர்களுக்கு ஒரு சரித்திரக் குறிப்பு. கோயம்பேட்டுக்கு 1999-ல் அஸ்திவாரம் போட்டவர் கருணாநிதி. 2002-ல் திறந்து வைத்தவர் ஜெயலலிதா. கிளாம்பாக்கத்துக்கு 2019-ல் அஸ்திவாரம் போட்டவர் பழனிசாமி. 2023-ல் திறந்து வைத்தவர் ஸ்டாலின். ஆரம்பித்தது நாங்கள் என்று ஒருவரும், முடித்தது நாங்கள் என்று ஒருவரும் சொல்லிக்கொள்ள இரண்டு தடவையும் இடம் இருந்தது. ரயிலை மறந்தது நாங்கள் என்று சொல்லிக்கொள்ளத்தான் போட்டி இல்லை.

ஜனங்களின் கோபம் வெறும் முணுமுணுப்போடு நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, தங்கள் ஊர்களுக்கு பஸ் இல்லையென்று பிரயாணிகள் நடுநிசியில் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். போதுமான பஸ்கள் விட்டிருக்கிறோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். இருக்கலாம். கோயம்பேட்டில் பஸ் கிடைக்காதவன் நொந்துகொண்டே வீட்டுக்குத் திரும்பிப் போவான். கிளாம்பாக்கத்தில் நடுநிசியில் பஸ் கிடைக்காதவன் வீட்டுக்கும் போக முடியாது, ஊருக்கும் போக முடியாது. சாலையில் உட்காராமல் வேறு எங்கே உட்காருவான்?

தனியார் ஆம்னி பஸ் முதலாளிகளோ சாலைக்குப் பதிலாக ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். அதே பிப்ரவரியில் இடைக்கால உத்தரவாகப் போரூரிலும் சூரப்பட்டிலும் பிரயாணிகளை ஏற்றி இறக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆக, அதிகக் கட்டணம் கொடுக்கக் கூடியவனுக்கு வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டே பஸ் வந்தது. சர்க்கார் பஸ்ஸை நம்பியவன்தான் முப்பது கிலோமீட்டரையும் முழுக்கக் கடந்தான். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் விளைவு இதுதான்.

பிறகு நிலைமை ஓரளவு சீர்ப்பட்டது. மாநகர பஸ்கள் அதிகமாயின. நிலையத்தின் உள்ளே நடக்க முடியாதவர்களுக்கு மின்கல வண்டிகள் வந்தன. முதலில் ஒரு பணம் எடுக்கும் இயந்திரம்கூட இல்லாமலிருந்த குறையும் தீர்ந்தது. இவையெல்லாம் ஜனங்கள் வாயைத் திறந்து கத்தியதால் கிடைத்தவை என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

உலகத்தில் நம் ஊர் மட்டும் இப்படியில்லை என்று ஆறுதல் கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் இருக்கிறது. அங்கே 2018-ல் கோடிக்கணக்கான டாலரில் ஒரு மாபெரும் நிலையத்தைத் திறந்தார்கள். மேலே பஸ், கூரைமேல் பூங்கா, பூமிக்கடியில் ரயிலுக்காகப் பெரிய நிலவறை. நிலவறை தயார், ரயில்தான் வரவில்லை. போதாததற்கு, திறந்த ஆறு வாரத்தில் இரும்பு உத்தரங்களில் விரிசல் கண்டு மூடிவிட்டு, அடுத்த வருஷம் மறுபடி திறந்தார்கள். நம் கிளாம்பாக்கத்தில் விரிசல் இலாகாக்களுக்கு நடுவில் மட்டுமே விழுந்தது.

பெங்களூரில் மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்கு எதிரே ரயில் நிலையம். திருச்சியில் ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் கூப்பிடு தூரத்தில் மத்திய பஸ் நிலையம். நம் சென்னையிலும் முன்னோர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்தே இருந்தது. மாம்பலத்தில் முதலில் ரயில் நின்றது. பிறகுதான் தியாகராய நகர் எழுந்தது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடிற்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் தெற்குப் புறநகரங்கள் வளர்ந்தன. திருச்சியிலும் இப்போது காற்று மாறி அடிக்கிறது. 2025-ல் பஞ்சப்பூரில் புதிய பஸ் முனையம் திறந்திருக்கிறார்கள். நமது பெரம்பூர்ப் பாட்டி இனிமேல் சென்னைக்கு வெளியே ஏறித் திருச்சிக்கு வெளியே இறங்க வேண்டும். இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் என்னவோ இதனால் குறைந்துவிட்டது!

இதற்கிடையில், மேற்கே காஞ்சீபுரம், பெங்களூர் மார்க்கமாகப் போகும் பஸ்களுக்காகத் திருமழிசைக்கு அருகில் குத்தம்பாக்கத்தில் இன்னொரு பெரிய நிலையத்தை எழுப்பத் தொடங்கினார்கள். படத்தில் பார்ப்பதற்கு வெகு லக்ஷணமாயிருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து மெட்ரோவை அந்தப் பக்கமாக நீட்டுவதற்கும் யோசனை உண்டாம். நாம் தேசப்படத்தை எடுத்து மேஜைமேல் விரித்து, குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ரயில் ஸ்டேஷன் எது என்று தேடிப் பார்த்தோம். அளவுகோலை இரண்டு தடவை நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது.