பள்ளத்தின் கணக்கு யார் பெயரில்?

ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் ஓங்கி மார்கழியில் ஒருவாறு ஓய்கின்ற வடகிழக்குப் பருவமழை சென்னைக்குக் கொண்டுவரும் குடிநீரைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் ஆண்டுதோறும் பத்தி பத்தியாக எழுதப்படுகிறதே தவிர, அந்த மழை ஓய்ந்த கையோடு டயர்க் கடைகளிலும் அலைன்மென்ட் பார்க்கும் பட்டறைகளிலும் சேர்கின்ற கூட்டத்தைப் பற்றி எவரும் பிரஸ்தாபிப்பதில்லை. அங்கே வந்து நிற்கிறவர்கள் விலையை விசாரிக்கிறார்கள், சிறிது முகம் சுளிக்கிறார்கள், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தச் செலவைத் தங்களுக்கு உண்டாக்கியது யார், அதை அவரிடம் கேட்டு வாங்க வழியுண்டா என்ற யோசனையே அவர்களுக்கு எழுவதாகத் தெரியவில்லை. சாலைப் பள்ளத்தால் நேரும் நஷ்டத்தை மழை, வெயில், கொசு ஆகியவற்றின் வரிசையில் வைத்துச் சகித்துக்கொள்ளும் இந்த மனோபாவம் எப்படி வந்தது, சட்டம் அதற்கு எவ்வளவு தூரம் துணைபோகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நஷ்டத்தின் தன்மையைப் பார்ப்போம். சக்கரம் பள்ளத்தில் இறங்குவதால் அவ்வளவாகக் கெடுதல் நேர்வதில்லை. இறங்கிய சக்கரம் மறுபடி ஏறுகின்றபோது எதிர்க்கரையின் கூரிய விளிம்பில் போய் மோதுகிறதே, அந்தக் கணத்தில்தான் ரிம்மின் உதட்டுக்கும் சாலையின் விளிம்புக்கும் நடுவே டயரின் பக்கச் சுவர் சிக்கி நசுங்குகிறது. இந்தக் காலத்து ரேடியல் டயரில் தரையைத் தொடும் பாகத்துக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உண்டு. பக்கவாட்டிலோ ரப்பரையும் அதனுள்ளே ஓரத்துக்கு ஓரம் ஓடுகின்ற பாலியெஸ்டர் நூல் இழைகளையும் தவிர வேறு அரண் கிடையாது. நசுங்கிய இடத்தில் அந்த இழைகள் அறுபட்டால், உள்ளிருக்கும் காற்று ரப்பரை வெளியே தள்ள, எலுமிச்சம்பழ அளவில் ஓர் உப்பல் கிளம்புகிறது. அது டயரின் உட்புறத்தில் கிளம்பினால், வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றுகிற வரையில் சொந்தக்காரருக்குத் தெரியாது. "சார், சைடுல உப்பிடுச்சு, இனிமே இத ஓட்டாதீங்க, ஹைவேஸ்ல வெடிச்சிரும்" என்று கடைக்காரர் சொல்வது வியாபாரத் தந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உண்மையான எச்சரிக்கை. ஆணி குத்திய துளையை அடைக்கலாம். அறுபட்ட இழையை எந்த ஒட்டாலும் இணைக்க முடியாது.

அம்பாசடர் ஓடிய நாட்களில் பள்ளங்கள் இல்லாமலில்லை. ஆனால் அந்த வண்டியின் 15 அங்குலச் சக்கரத்தைச் சுற்றி உயரமான, தடித்த டயர் இருந்தது. இன்றைக்கும் 165/80 ஆர்14 என்று பொறித்த டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. அழகுக்காகவும் வேகத்துக்காகவும் விரும்பப்படுகிற 225/45 ஆர்17 டயரிலோ அது 101 மில்லிமீட்டராகக் குறுகிவிடுகிறது. குறைந்துபோன அந்த மூன்று சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் முன்பு அடியை வாங்கிக்கொண்டிருந்தன. இப்போது அந்த அடி நேரே ரிம்முக்குப் போகிறது. இரும்பு ரிம் வளையும். அதைப் பட்டறையில் கொடுத்துக் கோட்டம் எடுத்துவிடலாம். அலாய் வீல் என்று நாம் சொல்லும் அலுமினியக் கலவைச் சக்கரமோ வளைவதோடு விரிசலும் விடும். டயரில் பழுது ஒன்றும் புலப்படாமலே இரண்டு நாளுக்கொருமுறை காற்று இறங்குகிறதென்றால், கடைப்பையன் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி மெல்ல உருட்டுகிறபோது, ரிம்மின் உள்வளையத்தில் மயிரிழை போன்ற ஒரு கீற்றிலிருந்து குமிழிகள் வரிசையாகப் புறப்படுவதைக் காணலாம். அதை ஆர்கான் வெல்டிங் வைத்து அடைத்துக் கொடுக்கக் கடைகள் இருக்கின்றன, கூலியும் புதுச் சக்கரத்தின் விலையைப் பார்க்கச் சொற்பமே. ஆயினும் சூட்டில் பதப்படுத்திப் பெற்ற பலத்தை மறுபடி சூடேற்றி இழந்துவிட்ட ஓர் உலோகத்தை நம்பி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு பிரயாணம் செய்வது விவேகமென்று எனக்குத் தோன்றவில்லை. டயரும் ரிம்மும் தப்பினாலும், டை ராடு எண்டோ லோயர் ஆர்ம் புஷ்ஷோ அடிபட்டுச் சக்கரத்தின் கோணம் பிசகி, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்து, டயர் ஓரமாகத் தேய்ந்துகொண்டே போவதும் உண்டு. இந்த நஷ்டம் பல மாதம் கழித்தே கண்ணில் படுமாதலால், அப்போது எந்தப் பள்ளத்தின் மீதும் பழியைப் போட முடியாது.

ஓட்டுகிறவர் கவனமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். கவனம் அவசியந்தான். மோதலின் சக்தி வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவதால் 60 கிலோமீட்டர் வேகத்தில் விழும் அடி 30-இல் விழுவதைப்போல் நான்கு மடங்கு. பள்ளத்துக்கு முன்பே பிரேக்கை மிதித்து, இறங்கும்போது காலை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் பிரேக் பிடித்தபடி இறங்கினால் முன்பக்கம் அழுந்திச் சஸ்பென்ஷனுக்கு அசைய இடமில்லாமல் போகும். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் தெரிந்தவரும், முழங்கால் தண்ணீர் நிற்கும் சாலையில் அடியில் இருப்பது தாரா, பாதியில் விட்ட பள்ளமா என்று எப்படி அறிவார்? சட்டென்று ஒதுங்கலாமென்றால் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல ஓட்டுநர் அந்த நிலையில் பள்ளத்தில்தான் இறங்குவார்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்ற ஆறுதலும் வெகுதூரம் வராது. நம் நாட்டு வழக்கமான மோட்டார் பாலிசியில், வண்டிக்கும் கூடவே சேதம் நேர்ந்தாலொழிய டயருக்கென்று தனியாக ஈடு கிடையாது. நேர்ந்தாலும் மாற்றும் செலவில் பாதிதான் கிடைக்கும். டயருக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டித் தனிப் பாதுகாப்பு வாங்கினால் ஓரளவு உதவலாம். இல்லையேல் கிடைக்கிற சொற்பத் தொகைக்காக ஒரு கோரிக்கை எழுதினால், ஐந்தாண்டுகள் எதையும் கோராமல் ஓட்டிச் சேர்த்த 50 சதவீதப் பிரீமியச் சலுகை பறிபோகும். கணக்குத் தெரிந்தவர்கள் கோருவதே இல்லை. அதனால் இந்தச் சேதம் இன்ஷூரன்ஸ் புத்தகங்களிலும் ஏறுவதில்லை. புதுக் கார் வாங்கும்போது விலைக்குத் தக்கபடி 12 முதல் 20 சதவீதம் வரை ஆயுள்கால வரி கட்டியவர், பெட்ரோலில் சாலை நிதிக்கென்று தீர்வை கொடுத்துவருகிறவர், பள்ளத்தில் கிழிந்த டயருக்குப் பதில் புது டயர் வாங்கும்போது 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் செலுத்துகிறார் என்பதை யோசித்தால், சாலை கெடுவதால் சர்க்காருக்கு வரவே அன்றிச் செலவில்லை என்றுகூட விகடமாகச் சொல்லலாம்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலையை உரிய தரத்தில் அமைக்காமலும் பராமரிக்காமலும் விடுகிற அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் அந்தத் தவறினால் மரணமோ அங்கவீனமோ நேர்ந்திருக்க வேண்டும். 2025 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம், பள்ளத்தாலும் மூடாத சாக்கடைத் திறப்பாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சமும், காயமுற்றவருக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரையும் கொடுக்கும்படி உத்தரவிட்டு, அந்தத் தொகையைப் பொறுப்பானவர்களிடமிருந்து பின்னர் வசூலிக்கவும் வழி சொன்னது. இந்தியா முழுவதிலும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் பள்ளங்களால் 1,856 பேர் மாண்டார்கள் என்று மத்திய அரசின் கணக்கே கூறுகையில், உயிருக்கு முதலிடம் கொடுத்ததில் எவரும் குறை காண முடியாது. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. கார்த்திகையில் ஒருவரைக் கொன்ற பள்ளம் அன்றைக்கே தோன்றியதன்று. ஐப்பசி முழுவதும் அது டயர்களைக் கிழித்துக்கொண்டும் ரிம்களை வளைத்துக்கொண்டும் அங்கேயே இருந்தது. அந்தச் சிறு சேதங்கள் ஒவ்வொன்றும் ஓர் அறிவிப்பு. அவை டயர்க் கடையின் ரசீதுகளாகச் சிதறிப்போகின்றனவே அன்றி, சாலைக்கு உடையவரின் மேஜைக்கு ஒன்றுகூடப் போய்ச் சேர்வதில்லை. சர்க்கார் பிணத்தை எண்ணுகிறது, அதற்கு முந்தியதை எண்ணுவதற்கு அதனிடம் ஏடே இல்லை.

பிற தேசங்களிலும் இது ஒரே நாளில் தீர்ந்த விஷயமன்று. 1788-இல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், பழுதுபட்ட பாலத்தால் தன் சரக்கு வண்டி சேதமுற்றது என்று ஒருவர் அம்மாவட்டத்து ஜனங்கள் அனைவர்மீதும் வழக்குத் தொடுத்தார். பொதுவான நிதி இல்லாத ஒரு ஜனக்கூட்டத்தின்மீது இப்படி வழக்குத் தொடுக்க இடமில்லை என்று நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். சாலையைச் சீர்செய்யாமல் சும்மா இருப்பதற்காக எவரையும் சிவில் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்ற கோட்பாடு அங்கே நெடுங்காலம் வேரூன்றி நின்று, 1961-இல் பாராளுமன்றம் சட்டமியற்றிய பிறகே விழுந்தது. இன்றுள்ள 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு பராமரிப்பைக் கடமையாக்குகிறது. 58-ஆவது பிரிவோ, நியாயமான அளவுக்கு எச்சரிக்கை எடுத்துக்கொண்டதை நிரூபிக்கிற உள்ளூர் நிர்வாகத்துக்கு விடுதலை தருகிறது. அந்த விடுதலையைப் பெறுவதற்காகவே நிர்வாகங்கள் சாலைகளை முறைவைத்துப் பார்வையிட்டு ஏட்டில் குறித்துக்கொள்ளும் வழக்கத்தில் ஊன்றிவிட்டன. டயருக்கு ஈடு கேட்டு விண்ணப்பிப்பது அங்கே சாதாரணக் காரியம். நியூயார்க் நகரமோ 1979-இல், பள்ளம் இருப்பதாக எழுத்துமூலம் அறிவித்துப் பதினைந்து நாளாகியும் சரிசெய்யாமல் விட்டிருந்தாலன்றி நகராட்சிக்குப் பொறுப்பில்லை என்று தனக்கு அனுகூலமாகவே ஒரு விதி செய்துகொண்டது. வழக்கறிஞர் சங்கத்தார் சளைக்கவில்லை. 1982-இல் இதற்கென்றே ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தித் தெருத்தெருவாக ஆள் அனுப்பிப் பழுதுகளைப் படத்தில் குறித்து நகராட்சிக்கே சமர்ப்பித்துவிட்டார்கள்! தங்கள் தொழிலின் லாபத்துக்குச் செய்தார்கள் என்பது வாஸ்தவமே. ஆயினும் நகராட்சி தனக்குத் தெரியாது என்று சொல்லும் வாய்ப்பு வெகுவாகச் சுருங்கியது.

சென்னையில் அந்த வாய்ப்பு மிக விசாலமானது. ஒரு சாலை மாநகராட்சியுடையதாக இருக்கும், அதை வெட்டும் அடுத்த சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, சற்றுத் தள்ளி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. இவற்றின் மேற்பரப்பைக் குடிநீர் வாரியமும் மின்வாரியமும் தொலைபேசிக் கம்பெனிகளும் மெட்ரோ ரயில் வேலையும் முறைவைத்து வெட்டி மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகின்றன. பள்ளத்தில் விழுந்தவன் அதன் தகப்பன் பெயரை விசாரிக்கப் புறப்பட்டால் மறுமழையே வந்துவிடும். 2025-இல் திருச்சூருக்கு அருகே பாலியேக்கரைச் சுங்கச்சாவடியில் கட்டண வசூலைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்ததும், அதில் தலையிட உச்சநீதிமன்றம் மறுத்ததும், சாலைக்கு ஒரே உடையவரும் கையில் ஒரு ரசீதும் இருந்தால் கேள்வி கேட்பது எவ்வளவு சுலபமாகிறது என்பதற்குப் பிரத்தியட்சமான சாட்சிகள்.

ஆகவே நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் செய்தால் அதற்கொரு பதிவெண் தருகிறார்கள். பதிவான புகாருக்குக் கெடு வைத்து, மழை நாட்களைக் கழித்துக்கொண்ட பின்னும் சரிசெய்யாத பள்ளத்தில் எவர் வண்டி சேதமுற்றாலும், புகைப்படத்தையும் ரசீதையும் பார்த்து ஒரு வரம்புக்குட்பட்ட தொகையைச் சாலைக்கு உடைய நிர்வாகம் கோர்ட்டுக்கு இழுக்காமல் கொடுத்துவிட வேண்டும். சாலை போட்ட ஒப்பந்தக்காரரின் உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் அவருடைய வைப்புத்தொகையிலிருந்தும், வெட்டியது வேறொரு துறையாக இருந்தால் அத்துறையிடமிருந்தும் நிர்வாகமே வசூலித்துக்கொள்ளட்டும். தகப்பன் பெயரை விசாரிக்கும் வேலை அவர்களுக்கு நம்மைவிட எளிது. தேய்ந்த டயரைக் கொண்டுவந்து புது டயருக்குப் பணம் கேட்பார்களே என்ற பயத்துக்கும் காரணமில்லை. டயர் பிறந்த வாரமும் ஆண்டும் 2324 என்பதுபோல் நான்கு எண்ணாக அதன் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. காடியின் ஆழத்தை அளந்து மிச்ச ஆயுளுக்கு மட்டும் ஈடு கணக்கிடலாம்.

கார் வைத்திருக்கிறவனுக்கு எதற்கு ஊர்ப் பணம் என்ற ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. மோட்டார் சைக்கிள்காரரின் கோரிக்கையை முதலில் கவனிக்கலாம்; விலையுயர்ந்த அலாய் வீலுக்கு இரும்பு ரிம்மின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. பள்ளத்தை மூடவேண்டிய பணம் ஈட்டுத்தொகையில் கரைந்துவிடும் என்பதுதான் இதைவிடக் கனமான ஆட்சேபம், இங்கிலாந்திலும் அது பேசப்படுகிறது. அதற்காகத்தான் புகார் பதிவாகாத பள்ளத்தை இந்த ஏற்பாட்டுக்கு வெளியே வைக்கச் சொல்கிறேன். தொடக்கத்தில் உட்புறத் தெருக்களை விட்டுவிட்டு, மாநகராட்சி ஒன்றின் பொறுப்பிலேயே இருக்கிற பேருந்துத் தடச் சாலைகளில் மட்டும் ஒரு பருவமழைக் காலத்துக்கு இதைப் பரீட்சித்துப் பார்த்து, எந்தச் சாலைக்கு எத்தனை கோரிக்கை வந்தது, அதைப் போட்ட ஒப்பந்தக்காரர் யார் என்பதையும் சேர்த்து அந்தந்த வார்டின் அலுவலகப் பலகையில் ஒட்டிவைக்கலாம்.