முதல் நரம்பை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

போன குளிர்காலத்தில் ஒரு நாள் வேலை முடிந்து மெல்பேர்ன் வீட்டுக்குள் நுழைந்ததும் கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. அடுப்பின் திருகு பாதி திறந்திருந்தது. பக்கத்திலேயே அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாடை தெரியலையாம்மா?"

"எந்த வாடைப்பா?"

எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அம்மாவின் மூக்குக்கு அது எட்டவே இல்லை. "இந்த ஊர் காபி மணக்கவே மாட்டேங்குது" என்று அவர் மாதக்கணக்கில் சொன்னபோது நாங்கள் காபித்தூளைத்தான் குறை சொன்னோம்.

இத்தனைக்கும் அந்த வருடம் இரண்டு முழு செக்கப் முடிந்திருந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், காது எல்லாம் பார்த்தார்கள். ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன்: மூளை நரம்புகள் 2 முதல் 12 வரை இயல்பு. முதல் நரம்புதான் வாசனை நரம்பு! முதல் டெஸ்ட் கேஸையே ஓட்டாமல் ரிலீஸ் செய்தால் எங்கள் ஆபீசில் சும்மா விடுவார்களா? இங்கே 75 வயது தாண்டியவர்களுக்கு மெடிகேர் தரும் உடல்நலப் பரிசோதனையிலும் ஞாபகசக்தி, கீழே விழுந்தது பற்றியெல்லாம் கட்டாயம் பார்க்கிறார்கள். மூக்கு அந்தப் பட்டியலில் இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. இந்த நரம்பு இழைகள் மூக்கின் மேலே உள்ள எலும்பின் நுண்துளைகள் வழியே மூளைக்குப் போகின்றன. தலையில் பலத்த அடிபட்டால் அறுந்துபோகலாம். பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே வாசனை குறையலாம். கோவிட் வந்தபோதுதான் உலகமே மூக்கைப் பற்றிப் பேசியது. பிறகு மறந்தும்விட்டது.

"விக்ஸ் நல்லாத் தெரியுதே" என்று வாதாடினார் அம்மா. அந்தக் காரமும் குளிர்ச்சியும் ஐந்தாவது நரம்பு வழியாக உணர்வது. அதை வைத்து மூக்கு சரி என்று சொல்ல முடியாது. கண்ணை மூடி, ஒரு நாசியை அடைத்து, காபித்தூளையோ கிராம்பையோ முகர்ந்து பார்ப்பது பரவாயில்லை.

ஒருவழியாக ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போனோம். ஜெர்மனியில் உருவான ஸ்னிஃபின் ஸ்டிக்ஸ் சோதனை. 16 வாசனைப் பேனாக்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு பதில். ஒன்றில் 'லிக்கரிஸ்' என்று இருந்தது. அம்மா விழித்தார். "அதிமதுரம்மா" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவின் 40 வாசனைச் சோதனையில் ரூட் பீர்கூட உண்டு. நம் ஊர் அம்மாக்களுக்கு அது எங்கே தெரியும்? தெரியாத பெயருக்கும் மார்க் போகிறதே. பெருங்காயமும் மல்லிகையும் வைத்துச் சோதித்தால்தானே அவர்கள் மூக்கு தெரியும்?

அப்படிப் பார்த்தாலும் அம்மாவின் மார்க் குறைவுதான். வயதும் பழைய சைனஸும் காரணம், பயப்பட வேண்டாம் என்றார் மருத்துவர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நாலையும் தினமும் இருவேளை முகரச் சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழு 2009ல் வெளியிட்ட பயிற்சி இது.

அப்பா அம்மாவை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போனால் மூக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் போட்டுவிட்டேன். நாலு பாட்டிலில் கிராம்பு மட்டும் "லேசா வருதுப்பா" என்கிறார் அம்மா.