சைக்கிள் செய்த ஊரில்

அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அங்கிருந்துதான் ஊரூராகப் போயின. அதே அம்பத்தூரின் சி.டி.எச். சாலையில் இன்று ஒருவர் சைக்கிள் மிதித்துப் போனால் பார்க்கிற நமக்கே வயிறு கலங்குகிறது. அவருக்கு மிஞ்சியது இடது ஓரம். அதிலும் மணல், நிறுத்திவைத்த ஆட்டோ, சாலைமட்டத்துக்கு ஒட்டாத வடிகால் மூடி. சற்று விலகினால் பின்னால் பேருந்து. ஹெல்மெட் போடச் சொல்கிறார்கள். போடத்தான் வேண்டும், பின்புறம் சிவப்பு விளக்கும் வேண்டும். ஆனால் லாரியின் வேகத்தை ஹெல்மெட் குறைக்காது. 2011-இல் இந்த ஊர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2014-இல் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை மாநகராட்சி ஏற்றது. கொள்கை காகிதத்தில் சௌக்கியமாக இருக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே இலவச சைக்கிள் தருகிறது (நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன்). அது பத்திரமாகப் பள்ளி போய்ச்சேர வழி வேண்டாமா? மேம்பாலம் கேட்கவில்லை. பள்ளித் தெருக்களில் வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்துங்கள், வடிகால் மூடிகளைச் சமன்செய்யுங்கள், ஓரத்தை அடைத்து நிற்கும் வண்டிகளுக்கு அபராதம் போடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் மாநகராட்சி இதையாவது செய்யட்டும்.