கட்டி கரைஞ்சு போச்சு... இடம் ஞாபகம் இருக்கா?

கடலாடிப் பக்கம் ஒரு பெண், வயது நாற்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. ராமநாதபுரத்தில் காட்டி, அங்கிருந்து மதுரைக்குப் போய், பயாப்சி எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியாகிறது. "முதல்ல மருந்து ஏத்திக் கட்டியைச் சுருக்குவோம், அப்புறம் ஆபரேஷன் பண்ணலாம்" என்கிறார் மருத்துவர். மாதக்கணக்கில் கீமோதெரபி. முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ஒவ்வொரு முறையும் பஸ் மாறி மாறி நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். கடைசியில் ஒரு நல்ல செய்தி வருகிறது: "கட்டி கரைஞ்சு போச்சும்மா. ஸ்கேன்லயும் தெரியல."

"அப்ப ஆபரேஷன் வேண்டாம்ல சார்?" என்று அவர் கேட்பார். யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அறுவை வேண்டும். கையில் படாமல், ஸ்கேனில் தெரியாமல் போனாலும், பழைய இடத்தில் சில புற்றணுக்கள் மிச்சம் இருக்கலாம். அந்தத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது அறுவை மருத்துவருக்கு வேறொரு சிக்கல். கட்டியே இல்லாதபோது எந்த இடத்தில் வெட்டுவது?

போயா கட்டாத வலை

மூக்கையூர், வாலிநோக்கம் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நண்டு வலையைக் கடலடியில் போட்டுவிட்டு வருகிறவர் மேலே ஒரு போயா கட்டிவிட்டுத்தான் வருவார். மறுநாள் போனால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். போயா இல்லையென்றால் வலை எங்கே கிடக்கிறது என்று தேடியே பொழுது போய்விடும்.

உடம்புக்குள் வைக்கும் குறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. 2, 3 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு டைட்டானியம் கிளிப். தோலை மரக்கச் செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகக் கட்டியின் நடுவில் விட்டுவிடுவார்கள். சில நிமிட வேலைதான், மயக்க மருந்து தேவையில்லை. கட்டி கரைந்தாலும் கிளிப் அங்கேயே இருக்கும். மேமோகிராமில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

கீமோ முடிந்த பிறகு அந்தப் புள்ளியை வைத்து அறுவைக்கான இடத்தைக் கணிப்பார்கள். எடுத்த திசுவை அறுவை அரங்கிலிருந்தே எக்ஸ்ரேவுக்கு அனுப்புவார்கள். படத்தில் கிளிப் தெரிந்தால் சரியான இடத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தெரியாவிட்டால் இன்னும் தேட வேண்டும்.

குறி வைக்கவில்லை என்றால்? பழைய ஸ்கேன் அறிக்கை, படங்கள், பரிசோதித்த மருத்துவரின் குறிப்பு இவற்றை வைத்து உத்தேசமாக எடுக்க வேண்டியிருக்கும். அது போதாது என்று தோன்றினால் முழு மார்பகத்தையும் அகற்றுவதே பாதுகாப்பான முடிவாகிவிடும். மருந்து நன்றாக வேலை செய்ததாலேயே மார்பகத்தை இழக்கும் நிலை இது.

அங்கே ஒரு காரணம், இங்கே ஒரு காரணம்

மேலை நாடுகளில் இந்தக் குறிகள் வந்த கதை வேறு. அங்கே மேமோகிராம் பரிசோதனை பரவலானபோது, கைக்கே தட்டுப்படாத சிறு புள்ளிகள் படத்தில் தெரிய ஆரம்பித்தன. படத்தில் இருக்கிறது, கையில் இல்லை. அதனால் அறுவை மருத்துவருக்கு வழிகாட்ட ஒரு மெல்லிய கம்பி தேவைப்பட்டது. நுனியில் கொக்கி உள்ள கம்பியை 1976-ல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். அந்த முறை இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது.

நம் ஊரில் கதை தலைகீழ். இங்கே பெரும்பாலான பெண்கள் பரிசோதனை முகாமில் கண்டுபிடிக்கப்பட்டு வருவதில்லை. கட்டி கையில் தட்டுப்பட்டு, சில மாதம் தயங்கி, பெரிதான பிறகே வருகிறார்கள். அப்படி வருபவர்களுக்கு அறுவைக்கு முன்பே சிகிச்சை கொடுத்துக் கட்டியைச் சுருக்குவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1990 முதல் 1999 வரை இந்த வழியில் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை 2008-ல் வெளியிட்டது. டாக்டர் வி. சாந்தாவும் அவருடைய குழுவினரும் எழுதிய ஆய்வு அது.

ஆக, அங்கே கட்டி சிறிதாக இருப்பதால் குறி தேவைப்பட்டது. இங்கே பெரிய கட்டி மறைந்துபோகக்கூடும் என்பதால் தேவைப்படுகிறது. 2022-ல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. அவர்களில் முதலில் கீமோ பெறுகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

கம்பியா, காந்தமா?

கிளிப் என்பது இடத்தைக் காட்டும் அடையாளம் மட்டும். அறுவை அரங்கில் அதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அறுவையன்று காலையில் ஸ்கேன் அறையில் கம்பி செருகுவார்கள். ஒரு முனை உள்ளே, மறு முனை தோலுக்கு வெளியே. அது நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நோயாளி அரங்குக்குப் போக வேண்டும். ஸ்கேன் மருத்துவரும் அறுவை மருத்துவரும் அதே நாளில் கிடைக்க வேண்டும். ஒருவர் தாமதமானால் எல்லாமே தள்ளிப்போகும்.

இந்தத் தலைவலியைத் தவிர்க்கத்தான் புதிய கருவிகள் வந்தன. அரிசிமணி போன்ற, 5 மில்லிமீட்டர் நீளமுள்ள காந்த விதை ஒன்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. அறுவைக்குப் பல நாள் முன்பே உள்ளே வைத்துவிடலாம். அறுவையின்போது பேனா மாதிரியான கருவியை மார்பின் மேல் நகர்த்தினால், விதையை நெருங்க நெருங்க ஒலி கூடும். இதேபோல ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் குறி இருக்கிறது. கடைப் பொருள்களில் ஒட்டும் மின்னணு அடையாள வில்லை போன்றது ஒன்று இருக்கிறது. அயோடின்-125 என்ற கதிரியக்க விதையும் உண்டு. கதிரியக்கம் என்பதால் அதற்குக் கட்டுப்பாடும் கணக்கும் அதிகம்.

புதியது என்பதால் பிரமாதம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கம்பியையும் காந்த விதையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் இடத்தைச் சரியாகக் காட்டின. மறுபடி அறுவை தேவைப்பட்டவர்களின் அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. காந்த விதையின் ஆதாயம் நேரத்திலும் வசதியிலும்தான். அதற்குக் குறையும் உண்டு: எம்ஆர்ஐ எடுத்தால் அந்த இடத்தில் பெரிய நிழல் விழும். அரங்கில் சாதாரண இரும்புக் கருவிகள் குறுக்கிடும்.

விலை குறைந்த வழி

விலை உயர்ந்த விதை இல்லையென்றால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். பித்தப்பை அறுவையில் குழாயை அடைக்கப் பயன்படும் அதே டைட்டானியம் கிளிப்பை ஊசிக்குள் ஏற்றி, கட்டியில் வைக்கும் முறையை இந்திய மருத்துவர்கள் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள். அறுவை அரங்கிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து எடுக்கவும் முடியும். கட்டியின் எல்லையைத் தோலில் பச்சைப் புள்ளியாகக் குத்தி வைப்பது, அளந்து படம் எடுத்து வைப்பது ஆகியவை கூடுதல் துணை.

குறியிடுவது மார்பகத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. பெருங்குடலில் உள்ளே இருக்கும் கட்டி, வெளியிலிருந்து பார்க்கும் அறுவை மருத்துவருக்குத் தெரியாது. கொலோனோஸ்கோப்பி செய்யும்போதே பக்கத்தில் கரி மையை ஊசியால் போட்டுவிடுவார்கள். புரோஸ்டேட் கதிர் சிகிச்சையில் இலக்கு தப்பாமல் இருக்கச் சிறு தங்கத் துண்டுகளை வைப்பதும் உண்டு.

இதில் தொழில்நுட்பத்தை விட நேரம்தான் முக்கியம். கட்டி ஸ்கேனில் தெரிகிற வரைக்கும்தான் குறி வைக்க முடியும். கீமோவின் முதல் சுற்றுக்கு முன்பே வைப்பது நல்லது. கரைந்த பிறகு எவ்வளவு விலை கொடுத்தாலும் வைக்க இடம் இல்லை.

எடுக்காமல் காப்பாற்றினால் ஆபத்து இல்லையா?

"முழுசா எடுத்துட்டா நிம்மதி" என்று பல வீடுகளில் சொல்வார்கள். ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை கொடுப்பதும் முழு மார்பகத்தை அகற்றுவதும் உயிர் காப்பதில் ஒன்றுதான் என்று அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரு ஆய்வுகள் 2002-ல் சொல்லிவிட்டன. எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி பல இடங்களில் இருந்தாலோ, தோல் முழுக்கப் பரவியிருந்தாலோ, கதிர் சிகிச்சை எடுக்க முடியாத நிலை இருந்தாலோ முழு அறுவையே சரி. அதில் வெட்கப்படவோ குறைபட்டுக்கொள்ளவோ எதுவும் இல்லை.

ஆனால் தேர்வு செய்யும் உரிமை அந்தப் பெண்ணிடம் இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் உலோகத்தை யாரும் வைக்கவில்லை என்ற காரணத்தால் அந்தத் தேர்வு கைநழுவிப் போகக் கூடாது.

அரசு செய்ய வேண்டியது

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பயாப்சி எடுக்கும் கையே கிளிப்பையும் வைக்கலாம். மாவட்டத்திலேயே அது நடந்தால், கடலாடிப் பெண் மதுரைக்கு ஒரு நடை குறைவாகப் போவார். அதற்கு ஸ்கேன் மருத்துவர்களுக்குக் குறுகிய பயிற்சியும் கிளிப் இருப்பும் தேவை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில், 'கீமோவுக்கு முன் குறியிடல்' என்பது யாரும் தவறவிட முடியாதபடி தனி வரியாக இடம்பெற வேண்டும். எந்த மருத்துவமனையில் கீமோ தொடங்கினாலும், "கிளிப் வைக்கப்பட்டதா, எந்தத் தேதியில், எந்த இடத்தில்" என்ற விவரம் நோயாளியின் அட்டையில் எழுதப்பட வேண்டும். ஓர் ஊரில் மருந்து, இன்னோர் ஊரில் அறுவை என்று அலைகிற நோயாளிக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டி.

வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்தால், சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் மகனும் மகளும்தான் பெரும்பாலும் போனில் டாக்டரிடம் பேசுகிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியவை நான்கு:

* கீமோ முதலில் என்றால், அதற்கு முன் கட்டியில் கிளிப் வைப்பீர்களா?
* அக்குளில் நோய் பரவிய நிணநீர்க் கணு இருந்தால் அதற்கும் குறி வைக்க வேண்டுமா?
* கிளிப் வைத்த பிறகு எடுத்த மேமோகிராம் படத்தின் நகலைத் தருவீர்களா?
* அறுவையன்று அந்த இடத்தை எந்த முறையில் கண்டுபிடிப்பீர்கள்?

கிளிப் உள்ளே இருந்தால் வலிக்குமா, வேறு இடத்துக்கு ஓடிவிடுமா என்று அம்மா பயப்படலாம். வைத்த பிறகு அது இருப்பதே தெரியாது. எப்போதாவது சற்று நகரலாம், அதற்காகத்தான் வைத்தவுடன் மேமோகிராம் எடுத்துப் பார்க்கிறார்கள். டைட்டானியம் கிளிப் என்றால் பின்னால் எம்ஆர்ஐ எடுக்கவும் தடை இல்லை.

இதையெல்லாம் முதல் கீமோவுக்கு நாள் குறிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். மருந்து வேலை செய்யும், கட்டி கரையும் என்ற நம்பிக்கையோடுதான் சிகிச்சை தொடங்குகிறது. கரைந்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் அன்றைக்கே ஏற்பாடு இருக்க வேண்டும்.