சோதிடமல்ல, கணக்கு!

"எல்லாம் எழுதியபடி நடக்கும், எண்களா உயிர் காக்கும்?" என்று ஏளனம் பேசுவோர் உளர். தோழனே, கேள்!

ஒரு நோயாளி இருவருக்குத் தொற்றைத் தருவாராயின், பத்தாம் படியில் புதிய நோயாளர் 1024! பாதிக்கு மேற்பட்டோர் எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பின் பரவல் தேயும். மூவருக்குத் தருவாராயின், மூன்றில் இரு பங்குக்கு மேல் வேண்டும். எத்தனை பேருக்குத் தடுப்பூசி என்பதைக் கணக்குச் சொல்லும், பஞ்சாங்கம் சொல்லுமா?

1905-06 பம்பாய்ப் பிளேக் சாவுகளைத்தான் 1927இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் தம் சமன்பாட்டுக்கு உரைகல்லாக்கினர். மாண்டவர் நம்மவர், பாடம் பெற்றது உலகம். நாமோ? 2020 மார்ச் 22இல் நன்றிக்கெனத் தட்டச் சொன்ன தட்டை, நோயோட்டும் மந்திரமாக்கினர் சிலர். மதத்தின்மீது பழி சுமத்தினர் வேறு சிலர். கிருமிக்கு ஏது மதம்?

ஆயினும், கணக்கையும் கடவுளாக்கிவிடாதே! இருவர், மூவர் என்பதெல்லாம் சராசரி. ஆம்பூர்த் தோல் பதனிடும் தொழிலாளியின் ஒற்றை அறையை அது மூடி மறைக்கும். ஆறு பேர் உறங்கும் அறையில் 'விலகி நில்' எனும் விதி எங்கே நிற்கும்? மார்ச் 24 இரவு, நான்கே மணி நேர அவகாசத்தில் நாடு அடைபட்டதே, நாட்கூலியின் பசி எந்தச் சமன்பாட்டில் ஏறியது?

சோதிடன் தன் அனுமானத்தை மறைப்பான். அறிவியலோ அதை அவையில் வைத்துத் திருத்தக் கொடுக்கும். ஆகவே, வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை ஆள்வோரைக் கேட்போம்: "உங்கள் கணக்கைக் காட்டுங்கள்! அதில் நாங்கள் இருக்கிறோமா?"

கேட்கத் தெரிந்தவனே பகுத்தறிவாளன். கேட்பதற்கு முதலில் கணக்கைக் கற்போம்!