வடம் தொட விழையும் கைகள்

காரமடை அரங்கநாதப் பெருமானின் மாசித் தேரோட்டத்தில் வடம் தொட விழையும் முதியோர் பலருக்கு விரல் மூட்டு வலி தடையாகிறது. வயதினால் தேய்ந்த மூட்டுகளுக்கு அறுவைச் சிகிச்சை முதல் வழியன்று. இளஞ்சூடான நீரில் 10 நிமிடம் கைகளை அமிழ்த்தி, பின் விரல்களை மெல்ல மடக்கி நீட்டினால் இறுக்கம் தளரும். குடத்தை விரல்களால் தூக்காது, இரு உள்ளங்கைகளாலும் தாங்குதல் நலம். கட்டைவிரலின் அடி வலித்தால், அதனை அசையாது தாங்கும் உறையை மருத்துவர் சொற்படி அணியலாம்.

ஆயினும், காலை விறைப்பு 1 மணி நேரத்திற்கு மேல் நீடித்து, இரு கைகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தைலம் மட்டும் போதாது. காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடினால் விரல்கள் கோணாமல் காக்க இயலும்.

வடம் இழுக்க வலுவில்லையேல் வருந்த வேண்டா. கூப்பிய கைகளையும் அரங்கன் ஏற்பான்.